தாயம்மாவின் புகாரில் நான் சேர்த்த வாக்கியம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே, இதில் என்ன பெரிய வாக்குமூலம் என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்வது அந்தப் பொய்யை அல்ல. போன வருஷம், 1998 அக்டோபரில், போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதற்காக ஒரு பெண்ணுக்குப் புகார் மனு டைப் அடித்துக் கொடுத்தேன். அதில் ஒரு வாக்கியம் நடக்காதது. எழுதியது நான். கையெழுத்துப் போட்டது அவள்.

என் பெயர் புஷ்பா. பட்டாபிராமில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். பத்து மெஷின், பதினாறு வருஷம். ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுவேன். வாரப் பத்திரிகைகளில் ஐந்து வந்திருக்கிறது. திரும்பி வந்தவற்றைப் பற்றிப் பேச வேண்டாம்.

[தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு ஆரம்பிக்கிற கதைகள் எனக்கே பிடிக்காது. ஆனால் இதில் நானும் ஒரு ஆள். எங்கே போய் ஒளிந்துகொள்வது?]

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"அவன் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை." இப்படி ஆரம்பித்தால் காதல் கதை என்று நினைத்துவிடுவீர்கள். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

"ஆவடியில் வண்டி வந்து நின்றதும் தாயம்மா பெண்கள் பெட்டியில் ஏறினாள். அடுத்த பெட்டியில்" – நான் அங்கே இல்லை. பார்க்காததை எழுதி ஒருமுறை பட்டது போதும்.

"1998 ஜூலை கடைசியில் அந்தச் சட்டம் வந்தது." இது கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆனால் இதில் பொய் இல்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

அந்த மாதம் சென்னையில், தெருவில் சிலர் வம்பு செய்ததில், ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனாள். ஊரே கொதித்தது. பெண்களைத் தெருவில் தொந்தரவு செய்கிறவர்களைத் தண்டிக்க மாநில அரசு அவசரமாக ஒரு சட்டம் போட்டது. ஈவ் டீசிங் சட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெயில் உண்டு, அபராதம் உண்டு. பஸ்ஸில் நடந்து, அந்தப் பெண் புகார் சொன்னால், பஸ்ஸையே ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கல்வி நிலையத்தில் நடந்தால் அதை நடத்துகிறவருக்கும் பொறுப்பு உண்டு. சாயங்காலம் ஆறு மணி பேட்சில் பேப்பரைப் பிரித்து இதைச் சத்தமாகப் படித்தேன்.

"பஸ்ஸ ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கினு பூட்டா நாம எப்ப மிஸ் ஊட்டுக்குப் போறது?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்காம் மெஷினில் இருந்த தாயம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு நேர் பின்னால், எட்டாம் மெஷினில், வேம்புலி குனிந்து ஏதோ அடித்துக்கொண்டிருந்தான்.

(கல்வி நிலையம் என்பதில் பத்து மெஷின் போட்ட மாடியும் சேருமா? அன்றைக்கு அந்தச் சந்தேகம் எனக்கு வரவே இல்லை. இப்போது தினமும் வருகிறது.)

3

தாயம்மாவுக்கு அப்போது பத்தொன்பது. இந்தக் காலத்தில் பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்காதீர்கள். அவள் அப்பா கலியமூர்த்தி தஞ்சாவூர்ப் பக்கம், தன் அம்மாவின் பெயரை வைத்துவிட்டார். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட், அங்கேயே குவார்ட்டர்ஸ். பெண் லோயர் பாஸ் செய்துவிட்டு ஹையருக்குப் பழகிக்கொண்டிருந்தாள். பிழை கண்டுபிடிப்பதில் அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அச்சடித்து வந்த பாடப் புத்தகத்திலேயே ஏழு பிழை காட்டினாள்.

வேம்புலிக்கு இருபத்துமூன்று. அவன் அப்பா திருவேங்கடமும் அதே தொழிற்சாலைதான். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். வாரிசு வேலைக்கு வேம்புலி எழுதிப்போட்டுக் காத்திருந்தான். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: அந்த மாதிரி வேலைக்கு ஆர்டர் வருவதற்கு முன்னால் போலீஸ் வந்து விசாரிப்பார்கள். பெயரில் ஒரு கேஸ் இருந்தால் தீர்ந்தது.

ஜூன் மாதம் அவன் என்னிடம் சேர வந்தான். "எனுக்கு ஆறு மணி பேட்சே குடுங்க மிஸ்" என்றான். "காலையில ஏழு மணிக்கு இடம் காலியா இருக்கே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். தாயம்மா வருவது ஆறு மணிக்கு. எனக்குப் புரிந்தது. புரிந்துதான் சேர்த்துக்கொண்டேன். எட்டாம் மெஷினைக் காட்டியதும் நான்தான். அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நினைத்தேன்.

4

இதை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் தாயம்மா என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "மிஸ், அவரு என்கூடவே அடிக்கிறாரு" என்றாள்.

"எல்லாரும்தானே அடிக்கிறாங்க?"

"இல்ல மிஸ். நான் அடிச்சா அடிக்கிறாரு. நிறுத்துனா நிறுத்துறாரு. நீங்க கண்ணை மூடிட்டு கேளுங்களேன்."

போய் உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பத்து மெஷின் ஓடுகிற அறையில் ஒரு மெஷினைத் தனியாகக் கேட்பது எனக்குப் பழக்கம். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நான் காதால்தான் பார்ப்பேன். தாயம்மா வேகமாக ஒரு வரி அடித்தாள். பின்னால் எட்டு ஓடியது. சட்டென்று வார்த்தை நடுவே நிறுத்தினாள். எட்டு நின்றது. ஒரே ஒரு எழுத்தைத் தட்டினாள். ஒரு தட்டு. காத்திருந்தாள். எட்டும் காத்திருந்தது. இரண்டு தட்டினாள். இரண்டு.

ஒருத்தி மூச்சு விடுவதைப் பார்த்துப் பார்த்து இன்னொருவன் மூச்சு விடுவது போல இருந்தது.

பேட்ச் முடிந்ததும் அவன் தாளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை. கையில் அகப்பட்ட எழுத்துகள், பக்கம் முழுக்க. ஆனால் அவள் வரி முடிந்த இடத்திலெல்லாம் அவன் வரியும் முடிந்திருந்தது.

"இனிமே வராத" என்றேன்.

"நான் இன்னா மிஸ் பண்ணேன்? டைப் அடிச்சது தப்பா?"

என்ன பதில் சொல்வது? நீங்கள் சொல்லுங்கள். அவன் நின்றுவிட்டான், அதாவது இன்ஸ்டிடியூட்டிலிருந்து. கீழே எதிர்க் கடையில் நிற்க ஆரம்பித்தான். அவள் இறங்கினால் இருபது அடி தள்ளி அவனும் நடப்பான். ஆவடி வரை அடுத்த பெட்டி. குவார்ட்டர்ஸ் வாசல் வரை இருபது அடி. பேசமாட்டான். சிரிக்கமாட்டான். பாட்டுப் பாடமாட்டான். அவள் செருப்பு வார் அறுந்து ஒருநாள் குனிந்தபோது, அவனும் அங்கேயே குனிந்து உட்கார்ந்தானாம்.

(அடிக்குறிப்பு: 1986இல் நான் எழுதிய ஒரு கதை பத்திரிகையில் வந்தது. ஒருவன் ஒரு வருஷம் ஒரு பெண்ணின் பின்னாலேயே போகிறான். கடைசி வரியில் அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். நிறைய வாசகர் கடிதம் வந்தது. வந்த இதழை அட்டை போட்டு மேஜையில் வைத்திருந்தேன். தாயம்மா அதைப் படித்துவிட்டு, பிழை கேட்கிற மாதிரியே கேட்டாள்: "மிஸ், இந்தப் பொண்ணு ஏன் சிரிச்சா?" யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அப்போதும் தெரியவில்லை, எழுதும்போதும் தெரிந்திருக்கவில்லை.)

5

இங்கே வேம்புலியின் பக்கத்திலிருந்து ஒரு அத்தியாயம் இருந்தது. அப்பா இல்லாத வீடு, ஆர்டருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா, எங்கே போனாலும் "இன்னும் வேல வர்லியா" என்கிற கேள்வி, இதற்கு நடுவில் தினமும் நேரம் தவறாமல் வருகிற ஒரே விஷயமாக அந்தப் பெண். நன்றாக வந்திருந்தது. படித்தால் அழுகை வரும். அதனால்தான் கிழித்தேன். மூன்று பக்கத்தில் அவனை நல்லவனாக்க முடிகிறது எனக்கு. இருபது அடி முன்னால் போகிறவளுக்கு ஒரு பத்தி எழுத வரவில்லை.

அது நியாயமா? கிழித்தது நியாயமா? குழப்பமாக இருக்கிறது. அவனுக்கும் ஒரு மனசு இருக்குமே.

6

அக்டோபரில் கலியமூர்த்திக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். "டைப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஊர்ல அத்தை வீட்டுக்குப் போ, மாப்பிள்ளை பாக்கறேன்" என்றார். பின்னால் வருகிறவன் ஒருவன், வீட்டோடு இருக்க வேண்டியவள் இவள்.

தாயம்மா என்னிடம் வந்தாள். "புதுச் சட்டம் வந்திருக்குல்ல மிஸ். நீங்கதானே படிச்சீங்க."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். பின்னால் வருகிறார். நின்றால் நிற்கிறார். டைப் அடித்தால் அடிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றரைப் பக்கம், அத்தனையும் நிஜம்.

எங்கள் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தோம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன், நான் இங்கே பிழைக்க வேண்டும். ரைட்டர் என்று அங்கே எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு ஒருவர், நல்ல மனுஷர். முழுக்கப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"கையப் புடிச்சானாம்மா?"

"இல்ல சார்."

"அசிங்கமா எதுனா பேசினானா?"

"பேசவே மாட்டாரு சார்."

"இன்னாம்மா இது, டைப் அடிச்சான்னு நான் இன்னான்னு எழுதறது? சட்டம் வந்துகீது, இல்லன்னு சொல்லல. ஆனா எதுனா ஒண்ணு நடந்திருக்கணும்ல? பயம்னா, எதுனால பயம்னு அய்யா கேப்பாரு. யோசிச்சு எழுதிக்கினு வாங்க."

யோசித்து எழுதிக்கொண்டு வாங்க. ஒரு எழுத்தாளரிடம் இதைச் சொல்லலாமா?

7

அந்த வாக்கியம் இதுதான்:

"08.10.98 அன்று மாலை பட்டாபிராம் ரயில் நிலையத்தில் மேற்படி நபர் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, காது கூசும் வார்த்தைகளைப் பேசினார்."

தாயம்மா படித்தாள். எப்போதும் போல விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டே படித்தாள்.

"மிஸ், இது நடக்கலியே."

"நடந்ததை எழுதினா யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. பாத்தேல்ல?"

விரலைத் தேதிக்குக் கொண்டுபோனாள். பிறகு, "எட்டாம் தேதி எனக்குக் காய்ச்சல். நான் கிளாசுக்கே வரல மிஸ்" என்றாள்.

"சரி, ஒன்பதுன்னு மாத்திடறேன்."

மாற்றினேன். கையெழுத்துப் போட்டாள். மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

8

புகாரை வாங்கிக்கொண்டார்கள். மறுநாளே வேம்புலியைக் கூட்டிப்போனார்கள். அதற்கடுத்த நாள் விசாரணை. இந்தப் பக்கம் தாயம்மா, கலியமூர்த்தி, நான். அந்தப் பக்கம் வேம்புலி, அவன் அம்மா சுசீலா. நடுவில் இன்ஸ்பெக்டர்.

சுசீலா என்னைப் பார்த்துத்தான் முதலில் பேசினாள். "இன்னாம்மா டீச்சரு, எம்புள்ள பின்னால நடந்தான், அவ்ளோதான? ரோடு இன்னா உங்க அப்பன் ஊட்டு ரோடா? அவன் அப்பா செத்து ஒண்ணரை வருசமா ஒரு ஆர்டருக்கு அல்லாடிக்கினு கீறோம். கேஸ் போட்டா அத்தோட போச்சு. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

பிறகு முந்தானையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். சர்ட்டிபிகேட் சரிபார்க்க வேம்புலியை வரச் சொன்ன கடிதம். ஒன்பதாம் தேதி மாலை நாலு முதல் ஏழு வரை அவன் தொழிற்சாலை ஆபீசில் இருந்ததற்குக் கையெழுத்தும் சீலும் இருந்தன.

இன்ஸ்பெக்டர் தாயம்மா பக்கம் திரும்பினார். "எந்தக் கையால இழுத்தாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜை மேல் இருந்த தண்ணீர்த் தம்ளரைப் பார்த்தேன். அவ்வளவு உன்னிப்பாக ஒரு தம்ளரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இழுக்கல சார்" என்றாள். "ஆனா வர்றாரு. தினம் வர்றாரு."

"எழுதிக் குடுத்ததே பொய்னா, மத்தத எப்படிம்மா நம்புறது?"

மிஸ்தான் எழுதினாங்க என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழி அவளை விட்டிருக்கும். நானும் சொல்லவில்லை. பொய்ப் புகார் எழுதிக் கொடுத்தவள் என்று என் பெயர் போனால் இன்ஸ்டிடியூட் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சமாதானமாகப் போவதாக ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். டீச்சர், நீங்களே அடிச்சிடுங்க என்று என்னைக் காட்டினார்கள். ஸ்டேஷன் மெஷினில் உட்கார்ந்து நானே அடித்தேன்: "தவறான எண்ணத்தில் உண்மைக்குப் புறம்பாகப் புகார் கொடுத்துவிட்டேன்." அதிலும் கையெழுத்துப் போட்டது தாயம்மாதான்.

வெளியே வந்ததும் கலியமூர்த்தி, "நீங்க படிச்சவங்கன்னு நம்பி விட்டேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

9

இந்த இடத்தில் கதையை முடித்து அனுப்பலாம் என்று இருந்தேன். முடிவுகளும் வைத்திருந்தேன்.

ஒன்று: வேம்புலிக்கு ஆர்டர் வருகிறது, வேலையில் சேர்ந்து ஒழுங்காகிவிடுகிறான். பாதி நிஜம். ஆர்டர் வந்தது.

இன்னொன்று: ஊருக்குப் போன தாயம்மா கல்யாணமாகி, ஒரு குழந்தையோடு என்னைப் பார்க்க வருகிறாள், எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் மிஸ் என்கிறாள். இது எனக்கு வசதியான முடிவு. என்னை நானே மன்னித்துக்கொள்ள வேறொருத்தி வாயைக் கடன் வாங்குவது.

நிஜத்தில் அவள் ஊருக்குப் போகவில்லை. அப்பாவோடு சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, பிப்ரவரிப் பரீட்சையை வேறு இன்ஸ்டிடியூட் வழியாக எழுதிப் பாஸ் செய்தாள். ஏப்ரலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். ஏதாவது வம்பு என்று காதில் விழுந்தால் அன்றோடு வேலைக்கு முழுக்கு என்பது கலியமூர்த்தி போட்ட நிபந்தனை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இன்றைக்குத்தான் சொன்னாள். 1999 ஜூன், சனிக்கிழமை, மத்தியானம். இன்ஸ்டிடியூட்டில் யாரும் இல்லை. நான் எட்டாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் கழித்துப் படியேறி வந்து நின்றாள்.

"அம்பத்தூர் ஸ்டேஷன்ல நிக்கிறாரு மிஸ். மூணு வாரமா. ஷிப்ட் மாத்தி வாங்கிட்டாராம்."

"ஏதாவது பேசினானா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

அவள் தன் பழைய நான்காம் மெஷினுக்குப் போனாள். தாளைச் செருகி, ஒரு புகார் அடித்தாள். யாரையும் கேட்காமல், நிறுத்தாமல். என்னிடம் காட்டவில்லை. அடித்து முடித்துவிட்டு, நான் எழுதி வைத்திருந்த இந்தப் பக்கங்களை எடுத்து, விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு படித்தாள். இரண்டு எழுத்துப்பிழை திருத்தினாள். அவள் செருப்பு அறுந்தது வலது கால் இல்லை, இடது கால் என்றாள். எந்தக் கால் என்பதையே நான் நீக்கிவிட்டேன்.

"நல்லாருக்கு மிஸ். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு எழுதியிருக்கீங்க" என்றாள். கோபமே இல்லை. "இத இங்க எழுதி என்ன பண்றது? அங்க வந்து சொல்லுங்க. நான் பொய் சொல்றவள்னு அங்க எழுதி வச்சிருக்காங்க. நீங்க சொன்னாத்தான் மிஸ் இத வாங்குவாங்க."

10

போன பகுதியையும் இதையும் அவள் காத்து நிற்கும்போதே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போனால்: எட்டு மாதம் முன்னால் பொய்யை எழுதியது நான் என்று சொல்ல வேண்டும். இன்ஸ்டிடியூட்டின் அங்கீகாரம் போகலாம், என் மேலேயே கேஸ் வரலாம். பொய் எழுதினவள் இன்றைக்குச் சொல்வது மட்டும் நிஜமா என்றும் கேட்கலாம். நம்பினால் வேம்புலியின் வேலை போகும். அவன் இன்னும் பயிற்சிக் காலத்தில்தான் இருக்கிறான். சுசீலாவின் இரண்டு பெண்கள் என்ன ஆவார்கள்? நம்பினாலும் அந்தச் சட்டத்தில் பின்னால் நடப்பதற்கு இடம் இருக்கிறதா இல்லையா? எனக்குத் தெரியவில்லை. ரைட்டருக்கும் தெரியவில்லை.

போகாவிட்டால் அவள் தனியாகப் போவாள். இருபது அடி பின்னால் ஒருவன் வருவான்.

எழுதிப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். எழுத எழுத அவனுக்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது, எனக்கு அதைவிடப் பெரிய நியாயம் கிடைக்கிறது. நீங்கள் வெளியே இருக்கிறீர்கள், உங்களுக்குச் சுலபமாகத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதுதான் விஷயம், மற்றதெல்லாம் ஜோடனை.

தாயம்மா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். "வர்றீங்களா மிஸ்?" என்று ஒருமுறை கேட்டாள். மறுபடி கேட்கவில்லை.

இந்த வரியை முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதுதான் அந்த வரி, இதை எப்படியாவது இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு போக முடியுமா என்று பார்க்கிறேன், அவள் ஒரு படி இறங்கிவிட்டாள், சத்தம் கேட்கிறது, இரண்டாவது படி, நான் பேனாவை